வேறுபாட்டுக்கும் பாகுபாட்டுக்கும் நடுவே ஒரு வரப்பு

போன தை மாதம் மன்னார்குடியில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் தஞ்சாவூரில், விவசாயக் கருவிகள் விற்கும் ஓர் இடத்தில் வேலை பார்க்கிறாள். பவர் டில்லர், தெளிப்பான், களை எடுக்கும் கருவி எல்லாம் அங்கே கிடைக்கும். பில் போடுவது அவள் வேலை. ஊர் ஊராகப் போய் விற்கும் பிரிவுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாள். மேலாளர் சொன்ன பதிலை அன்றைக்கு அப்படியே ஒப்பித்தாள்: “பொம்பளைங்க ஃபீல்டுக்குச் சரிப்பட மாட்டாங்கம்மா. நான் சொல்லல, கணக்கு சொல்லுது.”

“இது ஆணாதிக்கம்தானே மாமா?” என்றாள்.

எதிரே இருந்த என் சித்தப்பா மகன் விடவில்லை. “அவர் உன்னைத் திட்டினாரா? இல்லையே. விற்பனைக் கணக்கைச் சொன்னாரு. உள்ளதைச் சொன்னா அதுவும் குத்தமா?”

அரை மணி நேரம் சத்தம். இருவருமே விவரமானவர்கள். ஆனால் ஒரே வாக்கியத்தில் அவள் வாலைப் பிடித்திருந்தாள், அவன் தலையைப் பிடித்திருந்தான். வேலை செய்யும் இடத்தில் ஆண், பெண் வித்தியாசம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது. எது வெறும் தகவல், எது பாகுபாடு என்று பிரித்துப் பார்க்க அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் சொற்கள். நல்ல வேளையாக, தமிழில் இதற்கு இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. வேறுபாடு என்றால் இரண்டும் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். குறுவை நூற்றுச் சொச்சம் நாளில் அறுவடைக்கு வந்துவிடும், சம்பாவுக்கு ஐந்து மாதம் ஆகும். அது வேறுபாடு. பாகுபாடு என்பது அந்த வேறுபாட்டைக் காட்டியோ, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லியோ, ஒருவருக்குக் கொடுப்பதை இன்னொருவருக்குக் கொடுக்காமல் விடுவது. இதில் ஆண், பெண் என்பதே காரணமாக இருந்தால் பாலினப் பாகுபாடு. ஆங்கிலத்தில் செக்ஸிசம் என்பார்கள். 1960களில் அமெரிக்காவில், இனவெறியைக் குறிக்கும் ரேசிசம் என்ற சொல்லை அச்சாக வைத்து வார்த்தெடுத்த சொல் அது. ஆணாதிக்கம் வேறு. அது அதிகாரம் ஒரே பக்கமாகக் குவிந்து கிடக்கும் ஏற்பாடு. பெண் மேலாளர் ஒருவரே இன்னொரு பெண்ணிடம் பாகுபாடு காட்ட முடியும். குழந்தைகள் காப்பகத்தில் வேலை கேட்டு வரும் ஆணை ஏற இறங்கப் பார்த்து அனுப்பிவிடுவதும் பாலினப் பாகுபாடுதான். அக்கா மகள் ‘ஆணாதிக்கம்’ என்ற பெரிய சொல்லை எடுத்தது சண்டை பெரிதானதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, இனி மேலாளரின் வாக்கியம். அதற்குள் நாலு பேச்சு ஒளிந்திருக்கிறது. பெண்கள் விற்றது குறைவு என்பது ஒன்று. பெண்களாக இருப்பதால்தான் குறைவு என்பது அடுத்தது. ஆகவே நீயும் குறைவாகத்தான் விற்பாய் என்பது மூன்றாவது. அதனால் உனக்கு அந்த வேலை கிடையாது என்பது கடைசி. முதல் பேச்சு உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து கடைசிப் பேச்சுக்குப் போக மூன்று தாண்டு தாண்ட வேண்டும். அவர் ஒரே மூச்சில் தாண்டிவிட்டார், கேட்டவர்களும் கவனிக்கவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதைக் கடைமடையை, அதாவது ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியை, வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை ஆறு, வாய்க்கால் எல்லாம் கடந்து, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் தலைமடையில் நாற்று விட்டிருப்பார்கள். சில வருடம் எட்டிப் பார்க்காமலே போய்விடும். திருவையாறு பக்கத்து மகசூலையும் கடைமடை மகசூலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் கடைமடை குறைவாகத்தான் இருக்கும். எழுதியவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி, “கடைமடைக்காரனுக்கு விவசாயமே வராது, இவனுக்குக் கடன் கொடுக்காதே” என்று ஒருவர் சொன்னால்? தலைஞாயிற்றில் ஒரு டீக்கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உடனே நம்மில் ஒரு கூட்டம், “எல்லாம் தண்ணீர்தான், மண்ணில் ஒன்றுமே இல்லை” என்று கிளம்பும். அதுவும் சரியில்லை. கடலோர மண்ணில் உப்பு இருப்பது நிஜம். அங்கே சில ரகம்தான் தாங்கும். மண்ணும் ஒரு காரணம், தண்ணீரும் ஒரு காரணம். ஆண், பெண் விஷயத்தில் நடக்கும் சண்டையில் பாதி இதுதான்: ஒரு தரப்பு எல்லாமே பிறவிக்குணம் என்கிறது, இன்னொரு தரப்பு எல்லாமே வளர்ப்பும் வாய்ப்பும் என்கிறது. இதில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஒரே அளவில், ஒரே நாளில் போய்ச் சேராதவரை மண்ணின் குணத்தை அளந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் மண்ணைப் பற்றிப் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. தண்ணீர்க் கணக்கையும் சேர்த்தே கொண்டு வர வேண்டும்.

வேலையிடத்தில் அந்தத் தண்ணீர் எது? பெரும்பாலும் நேரம். மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம் செலவிட்டார்கள். பெண்ணின் கணக்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்கக் கணக்குகளை நூறு, இருநூறு வருட ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தவர். இன்றைக்கு மிஞ்சியிருக்கும் சம்பள இடைவெளியில் பெரும்பங்கு ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்றும், முதல் குழந்தை பிறந்த பிறகுதான் அது விரிகிறது என்றும் காட்டினார். கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கிறவருக்குக் கூடுதல் காசு கொடுக்கிற வேலைகளில் இது அதிகம். வீட்டில் ஒருவர் அப்படி வந்து நிற்க முடிகிறதென்றால், இன்னொருவர் பிள்ளையோடு நிற்கிறார் என்று பொருள்.

இனி, காரணம் சொல்கிற விஷயம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பாகுபாடு அதிகம் ஒளிந்துகொள்வது ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பின்னால்தான். நம் வயலையே எடுத்துக்கொள்வோம். சேறடித்துப் பரம்படிப்பதும் நாற்றுப் பறிப்பதும் ஆண்கள் வேலை, நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை என்றுதான் எனக்கு நினைவு தெரிந்து எங்கள் பக்கம். சின்ன வயதில் ஏன் என்று தாத்தாவிடம் கேட்டேன். “பொம்பளைக்குத்தான் விரல் பதமா இறங்கும், இடுப்பும் வளையும்” என்றார். நாள் முழுக்க முட்டிச் சேற்றில் குனிந்தே நகர்வது லேசான வேலை என்ற கணக்கில், கூலியும் ஆண் கூலியைவிடக் குறைவு. அப்புறம் நடவு இயந்திரம் வந்தது. அதே நடவுதான். ஓட்டுவது பெரும்பாலும் ஆண்கள். இப்போது ஏன் என்று கேட்டால், “மெஷின் சமாச்சாரம், பொம்பளைக்குச் சரிப்படாது.” விரல் பதத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வேலையின் மதிப்பு ஏறியதும் ஆள் மாறியது, ஆளுக்குத் தகுந்தபடி காரணமும் மாறியது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற பெரிய மின்னணுக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அன்றைக்கு அது கணக்குப்பிள்ளை வேலை மாதிரி, பொறுமையாகச் செய்கிற வேலை. பிறகு அதில் காசும் பேரும் வந்தன. அதே தொழிலைப் பற்றி, பெண்களின் மூளை இதற்கு ஒத்துவருமா என்று பிற்காலத்தில் விவாதம் நடந்தது.

காரணம் மாறிக்கொண்டே போகிறது என்பதற்காக வேறுபாடே பொய் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஆள் மாறினால் காரணமும் மாறுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

சொற்களிலேயே கூலி எழுதியிருக்கும் இடமும் உண்டு. கட்டட வேலையில் கொத்தனாருக்கு எடுபிடியாக நிற்கும் ஆண் பெரியாள், பெண் சித்தாள். அவரும் கலவை சுமக்கிறார், இவரும் கலவை சுமக்கிறார். ஒருவர் பெரிய ஆள், ஒருவர் சின்ன ஆள் என்று பேரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சனிக்கிழமை சம்பளம் அதன்படி.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1976இன் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒரே தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் பார்த்துக் கூலி பிரிக்கக் கூடாது என்றது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கருத்து இருக்கிறது. மெக்கினன் மெக்கன்ஸி என்ற கம்பெனியில் பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடச் சம்பளம் குறைவு. பெண்களை ‘அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தாளர்’ என்று தனிப் பேரில் வைத்திருந்தார்கள், அதனால் இது வேறு வேலை என்று வாதம். உச்ச நீதிமன்றம் 1987இல், பேரைப் பார்க்க மாட்டேன், செய்கிற வேலையைப் பார்ப்பேன் என்ற போக்கில் தீர்ப்பு சொன்னது. சுருக்கெழுத்தில் அது முடிந்தது. வயலில் அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் நிஜமாகவே வேறு வேறு வேலைகள். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்குள் சட்டம் நுழைவதில்லை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் ஒரே கூலி என்றதும், நடவுக்கு ஆள் வருவதில்லை என்று மிராசுகள் புலம்பியது ஞாபகம் இருக்கலாம். அந்தப் புலம்பலை வேறு மாதிரியும் படிக்கலாம்.

அடுத்து சராசரி. ஆண்களின் சராசரி உயரம் பெண்களின் சராசரியைவிட அதிகம். இதைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் நீங்கள் என்னைவிட உயரமா என்பதற்கு இந்தச் சராசரி பதில் சொல்லாது. நேரில் நிற்க வைத்து அளக்க வேண்டும். அளக்க முடிகிற இடத்தில் அளக்காமல் சராசரியை வைத்துத் தீர்ப்பெழுதினால், அங்கேதான் வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் கால் வைக்கிறோம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை நாளெல்லாம் தூக்குகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது முடியாது என்று சொன்னால் நான் பாகுபாடு என்று சொல்ல மாட்டேன். தோள், கை வலுவில் ஆண், பெண் சராசரிக்கு நடுவே பெரிய இடைவெளி உண்டு. இதை மறுத்து வாதாடுவது நம் தரப்பைத்தான் கேலிக்கு ஆளாக்கும். ‘மூட்டை தூக்கிக் காட்டுகிறவருக்கு வேலை’ என்று வைத்தால் நியாயம். ‘பெண்கள் வர வேண்டாம்’ என்றால் பாகுபாடு. அங்கே பில் எழுதும் பட்டியல் எழுத்தர் வேலைக்கு மூட்டை தூக்கச் சொன்னால் அது இன்னும் சாமர்த்தியமான பாகுபாடு: எல்லோருக்கும் ஒரே விதி என்று பேர், விதியின் வாசல் மட்டும் ஒருவர் தோளுக்குத் தகுந்த அளவில். இதை மறைமுகப் பாகுபாடு என்கிறார்கள். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கும்போது ஆண்களுக்கு வைத்த அதே உடற்தகுதி விதியை வைத்தார்கள். ஆண்கள் அதை இளம் வயதில் கடந்தவர்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பையே பல வருடம் கழித்துத்தான் திறந்துவிட்டார்கள், அதற்குள் பலருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றே சொன்னது.

ராணுவ வழக்கில் இன்னொரு சுவையான வாதமும் வந்தது. கிராமத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண் சொல் கேட்டு நடக்கப் பழகியவர்கள் இல்லை என்று அரசு சொன்னது. 2020இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. “எனக்கு ஒன்றுமில்லம்மா, ஆனா வாங்குறவங்க பொம்பளைகிட்ட பேச மாட்டாங்க” என்று நம் கடைகளில் கேட்பதும் இதே வாதம்தான். அடுத்தவர் மனத்தடையைக் காட்டி என் கையைக் கழுவிக்கொள்வது.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட சண்டை ஒன்றும் உண்டு. 2017இல் கூகுளில் ஜேம்ஸ் டேமோர் என்ற பொறியாளர் ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். மென்பொருள் துறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பாகுபாடு மட்டும் காரணமில்லை, ஆர்வத்திலும் குணத்திலும் ஆண், பெண் சராசரிகளுக்கு இருக்கும் உயிரியல் வேறுபாடும் ஒரு பகுதிக் காரணம் என்பது சாரம். ஆகஸ்டில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். “அவர் மேற்கோள் காட்டிய ஆய்வுகள் இருக்கத்தானே செய்கின்றன, சராசரியைத் தனி ஆள்மேல் ஏற்றக் கூடாது என்று அவரே எழுதியிருக்கிறாரே” என்றது ஒரு தரப்பு. “அந்த வேறுபாடுகள் அவ்வளவு பெரியவையும் இல்லை, அவற்றிலிருந்து வேலைத்திறனுக்குத் தாவ வழியும் இல்லை” என்றது மறு தரப்பு. என்னைக் கேட்டால், அந்தக் குறிப்பைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்திருந்தால் விவாதம் ஆகியிருக்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்கள் படிக்கும்படி, உங்கள் பாலினத்தின் சராசரி எளிதில் பதறும் குணம் கொண்டது என்று எழுதினால், ஒவ்வொருத்தியும் மறுநாள் காலை ‘நான் அப்படி இல்லை’ என்று நிரூபித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். அதே கட்டடத்தில் ஆண்களுக்கு அந்த வேலை இல்லை. அதற்காக அவர் கேள்வி கேட்டதையே குற்றமாக்கியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கேள்வியை விரட்டினால் அது டீக்கடைக்குப் போய்விடும், அங்கே பதில் சொல்ல ஆளிருக்காது.

கடைசியாக, பாசமாக வரும் பாகுபாடு. பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996இல் இதற்கு ஒரு பிரிவு காட்டினார்கள்: பெண்ணை இழிவாகப் பேசும் வகை ஒன்று, பூ மாதிரி பொத்திப் பொத்தி வைக்கும் வகை இன்னொன்று. இரண்டாவதை அடையாளம் காண்பது கஷ்டம், சொல்கிறவர் நல்லவராகவே இருப்பார். “பாவம் புள்ள, ராத்திரி ஷிப்ட் எதுக்கு?” 1948இன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றதும் இந்த அக்கறையில்தான். 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. வண்டி வை, விளக்குப் போடு, கழிப்பறை கட்டு. இதெல்லாம் செய்வதற்குச் செலவாகும், வேலையே இல்லை என்பதற்குச் செலவில்லை. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் முதல் முறை கருவுற்றதும் வேலையை விட வேண்டும் என்று விதி இருந்தது. 1981இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அதே தீர்ப்பு, வேலைக்குச் சேர்ந்து நாலு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது. நீதிபதிகளுக்கே வரப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களை மட்டும் குறை சொல்லி என்ன?

அன்றைக்குச் சத்தம் அடங்கியதும் அக்கா மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “அந்தக் கணக்குல எத்தனை பொம்பளைங்க இருந்தாங்க?”

யோசித்தாள். “ரெண்டு பேர் மாமா. மூணு வருஷத்துல ரெண்டு பேர்.”

“எந்தப் பக்கம் போனாங்க?”

“டவுனைச் சுத்தித்தான். ஆறு மணிக்குள்ள திரும்பிடணும்னு சொல்லியிருந்தாங்க.”

விவசாயி வயலிலிருந்து வீட்டுக்கு வருவதே ஆறு மணிக்கு. சித்தப்பா மகன் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, “அப்ப அது கணக்கே இல்லையே” என்றான். கணக்கு என்றால் அவனுக்குச் சாமி மாதிரி. அது பொய்த்ததில்தான் அவனுக்குக் கோபம், அக்கா மகள் விஷயத்தில் இல்லை. பரவாயில்லை.

அவள் ஊருக்குப் போய், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சம்பா பருவத்துக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள், ஆண்களுக்குக் கொடுக்கிற பெட்ரோல் அலவன்ஸும் அதே டார்கெட்டும் போதும், நேரக் கட்டுப்பாடு மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். கூடவே அந்த மூன்று வருடக் கணக்கையும் பார்க்கக் கேட்டாள். போன வாரம் போன் செய்தபோது விசாரித்தேன்.

“எழுதிக் கொடுத்ததுக்குப் பதில் வரல மாமா. கணக்கு கேட்டதுக்கு மட்டும் வந்துச்சு.”

“என்ன சொன்னாரு?”

“‘வரவர ரொம்பப் பேசுறம்மா நீ’ன்னாரு. இது எந்தப் பக்கம் மாமா, வரப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”